வண்டியைக் கொடுத்துவிடப் போகிறவர்

நம்மவர் காரை விற்கப் போகிறார். எங்கள் அண்ணாநகர் அடுக்ககத்தில் பால் போடுகிறவருக்குக்கூட இது தெரியும். "நல்ல ஆளாப் பாத்துக் கொடுத்துடலாம்னு இருக்கேன் தம்பி" என்று மாடிப்படியில் என்னை மடக்கி அவர் சொல்லும்போது முகத்தில் ஒரு தியாகக் களை வரும். "நல்ல முடிவு சார்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்கு ஓடுவேன். அடுத்த வருஷமும் அதே படி, அதே களை.

ஆர்.எக்ஸ். 100 வைத்திருப்பவர், கான்டெஸா வைத்திருப்பவர், அப்பாவின் அம்பாசடரைப் படுதா போட்டு மூடி வைத்திருப்பவர் எல்லாரும் இந்தக் குலம்தான். ஆனால் ஸ்போர்ட்ஸ் கார்க்காரர் குலத் தலைவர். நம்மவரிடம் இருப்பது சான் ஸ்டார்ம். 1998-ல் வந்த, கோவாவில் தயாரான இந்திய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, ஃபைபர் உடம்பு, கழற்றி மாட்டும் கூரை. இளவயதில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸ்களைப் பார்த்துப் பார்த்துப் புழுதியோடு ஆசையையும் விழுங்கியவர், இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் இதை வாங்கினார். வீட்டில் நான்கு பேர், வண்டியில் இரண்டு சீட்டு. அந்தக் கணக்கை அவர் மனைவி இன்றுவரை மறக்கவில்லை.

உள்ளே இருப்பது ரெனோவின் 1149 சி.சி. இன்ஜின், 60 குதிரைத்திறன். இன்றைக்குக் காய்கறி வாங்கப் போகும் வேகன் ஆரில் இதைவிட அதிகம். அவர் காதுபட இதைச் சொல்லிவிடாதீர்கள். வண்டியின் எடையைக் குதிரையால் வகுத்துக் காட்ட ஆரம்பித்துவிடுவார். ரெனோ–நிஸ்ஸான் ஆலை 2010-ல் ஒரகடத்தில் திறந்தபோது அடுக்ககம் முழுக்க இனிப்பு கொடுத்தார். இனி பாகங்களுக்குக் கவலையில்லையாம். அங்கே செய்வது வேறு கார், வேறு இன்ஜின் என்று தெரிந்த பிறகு இனிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

எங்கே விற்பது என்பதில்தான் அவருடைய ஆராய்ச்சி தொடங்கியது. முதலில் பக்கத்துத் தெரு கார் கன்சல்டிங். அங்கே இருந்தவர் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, டயரைக் காலால் தட்டி, "என்ன சார், பின்னாடி சீட்டு கழண்டு போச்சா?" என்றார். அந்தத் தெரு வழியாக நம்மவர் இப்போது நடப்பதுகூட இல்லை. அடுத்து, வீட்டுக்கே வந்து விலை சொல்லும் ஆன்லைன் கம்பெனி. அவர்கள் பட்டியலில் இந்த மாடலே கிடையாது. போனில் பேசிய பெண், "சான்ட்ரோன்னு போட்டுக்கவா சார்?" என்று கேட்டுவிட்டாள். சான்ட்ரோவும் 1998-ல்தான் வந்தது, அதுவும் ரேஸ் மைதானம் இருக்கிற அதே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து. ஆனாலும் அன்றிரவு அவர் சாப்பிடவில்லை என்று வீட்டம்மா சொன்னார்.

டெல்லியிலிருந்து ஒருவர் ஆர்வமாகக் கேட்டார். அந்த ஊரில் 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் கார் ஓடக் கூடாது என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை நம்மவரே அவருக்கு எடுத்துச் சொல்லி அனுப்பிவிட்டார். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் மியூசியத்துக்கே கொடுத்துவிடலாமா என்றும் ஒரு வாரம் யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்து ஓட்டிக்கொள்ளலாம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் சரியாம். வின்டேஜ் என்று பதிவு செய்தால் மதிப்பு ஏறும் என்று யாரோ சொன்னார்கள். 2021-ல் வந்த விதிப்படி அதற்கு வண்டிக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும். இது பதிவானது 1999-ல். "அப்போ 2049. பொறுத்துப் பாக்கலாமே" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். காலண்டர் எடுத்து வரச் சொன்னார்.

இத்தனையும் தாண்டி ஆட்கள் நேரில் வரத்தான் செய்கிறார்கள். வந்தவர்களுக்கு நடக்கும் நேர்காணல் இருக்கிறதே, அதைத்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது போல என்று எழுதினால் எளிதாக முடிந்துவிடும். ஆனால் தன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அவர் அரை மணி நேரத்தில் தட்டு மாற்றிக்கொண்டவர். பையனுக்கு என்ன சம்பளம் என்பதையே கல்யாணத்துக்குப் பிறகுதான் கேட்டார். காருக்கு வருகிறவனுக்கு அந்தச் சலுகை இல்லை.

முதல் கேள்வி, "எங்க நிறுத்துவீங்க?" வீட்டில்தான் என்றால் போதாது. மேலே தளமா, தகரமா, ஆஸ்பெஸ்டாஸா? பக்கத்தில் முருங்கை மரம் உண்டா? பூனை உண்டா? உங்கள் வீட்டில் இல்லை, சரி, எதிர் வீட்டில்? பூனை துணிக் கூரையில் ஏறி நகம் தீட்டுமாம். ஒரு ஐ.டி. பையன் பாவம், உண்மை பேசுகிறவன். "தெருவுல ரெண்டு மூணு சுத்தும் அங்கிள்" என்றான். காபி வருவதற்குள் அவனை எழுப்பி அனுப்பியாயிற்று.

அவர் கேட்பது ஒரு பக்கம். வந்தவர் என்ன கேட்கிறார் என்பதற்கும் மார்க் உண்டு. "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?" என்று கேட்டால் அங்கேயே முடிந்தது. நம்மவர் பதில் சொல்ல மாட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். "ஏ.சி. போட்டா இழுக்குமா?" என்றால் கொஞ்சம் விளக்கம் சொல்லி அனுப்புவார். ஒரு தடவை ஆவடியிலிருந்து வந்த பெரியவர், நல்ல மனுஷர், கையில் ஆரஞ்சுப் பழம் வேறு, "கேஸ் கிட் மாட்டிக்கலாங்களா?" என்று வெள்ளந்தியாகக் கேட்டார். நம்மவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆரஞ்சுப் பழம் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தது.

கறுப்பு மேட் பெயின்ட் அடிக்கப் போகிறேன் என்றவன், சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடப் போகிறேன் என்றவர், மனைவிக்குப் பிறந்தநாள் பரிசு என்றவர், எல்லாரும் அவுட். மனைவிக்குப் பரிசு என்பதில் என்ன தப்பு என்று கேட்டேன். "அந்தம்மாவுக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்னு அந்தாள் சொல்லவே இல்லையேப்பா" என்றார்.

டெஸ்ட் டிரைவ் என்று ஒன்று உண்டு. உலகத்தில் வாங்குகிறவர் ஓட்டிப் பார்ப்பார். இங்கே நம்மவர் ஓட்டுவார், வாங்குகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். டவர் பார்க்கை ஒரு சுற்று, இரண்டாவது அவென்யூவில் ஒரு நீளம், திரும்பி வந்து ஷெட். சீட்டு இரண்டுதான் என்பதால், வந்தவரோடு வந்த மனைவி, மாமியார், மெக்கானிக் ஆகியோரை எங்கள் வீட்டு ஹாலில் உட்கார வைத்துவிட்டுப் போவார். அவர்களுக்குக் காபி நாங்கள். வண்டி என்ன விலை சொல்கிறார் என்று அவர்கள் எங்களைக் கேட்பார்கள். எங்களுக்கும் தெரியாது. விலையை அவர் இதுவரை யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் நான் அவர் கட்சி. "29, 30 ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க, பேரை அப்புறம் மாத்திக்கிறோம்" என்று சொல்லும் புரோக்கர்களை அவர் வாசற்படி ஏற விடுவதில்லை. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்து நடந்தால் நஷ்டஈடும் அவர் தலையில்தான் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. வண்டியை விற்றுப் பணத்தைச் செலவழித்துவிட்டு, வருஷங்கள் கழித்துச் சம்மன் வாங்கியவர்கள் உண்டு. பெயர் மாற்றம் முடிந்த பிறகுதான் சாவி என்பது நியாயமான பேச்சு. அந்த நியாயத்தைப் பூனை விசாரணையோடு சேர்த்துப் பேசுவதால்தான் எடுபடுவதில்லை.

விற்கத்தான் என்று சொல்லி அவர் செய்கிற செலவைப் பார்த்தால் வயிறு எரியும். விற்கத்தான் நாலு டயர் புதிதாக மாட்டினார். விற்கத்தான் கூரைத் துணி மாற்றினார். 2024-ல் ஆர்.சி. புதுப்பித்ததும் விற்கத்தான், வாங்குகிறவன் ஐந்து வருஷத்துக்கு அலையக் கூடாதாம். முன்பு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000 என்று 2025-ல் மறுபடி ஏற்றிவிட்டார்கள். அந்தச் செய்தியைப் பேப்பரில் வட்டம் போட்டு என்னிடம் காட்டி, "பாத்தியா, 24-லயே முடிச்சேனே" என்று மகிழ்ந்தார். 2029-லும் வண்டி தன்னிடம்தான் இருக்கும் என்று அவரே ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான். அவர் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும் முன் அவரும் வீட்டம்மாவும் கிளம்பி ஈ.சி.ஆரில் கோவளம் வரை போய்வருவார்கள். கூரையைக் கழற்றிவிடுவார். அந்த அம்மா தலையில் துண்டு கட்டியிருப்பார். வாரம் முழுக்க வண்டியைத் திட்டுகிறவர், அன்றைக்கு மட்டும் பக்கத்து சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. திரும்பி வரும்போது இருவர் முகத்திலும் உப்புக்காற்று. என்னையும் ஒருமுறை கூட்டிப்போனார். தரையோடு தரையாக உட்கார்ந்து, பஸ் சக்கரத்தைக் கண்ணுக்கு நேரே பார்த்துக்கொண்டு போவது நன்றாகத்தான் இருந்தது. அந்த மனுஷரிடம் வண்டியைப் பிரித்து வாங்க எனக்கே மனசு வராது.

ஆனால் ஈரோட்டுப் பையன் விஷயத்தை நான் மன்னிக்கவில்லை.

ராத்திரி பஸ் பிடித்து அப்பாவோடு வந்தான். ஷெட்டுக்குத் தளம் போட்டிருந்தான், போட்டோ காட்டினான். இன்ஜின் பெயர் டி7எஃப் என்பது தெரியும். கோவையில் ஃபைபர் வேலை செய்கிறவரைக் கையில் வைத்திருந்தான். மைலேஜ் கேட்கவில்லை. பூனை இல்லை. நாய் இருந்தது, கட்டிப்போட்ட நாய். கேள்விகள் தீர்ந்துபோய் நம்மவர் விழித்தார். வேறு வழியில்லாமல் அட்வான்ஸ் வாங்கினார். அந்தப் பையனின் அப்பா என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில், "இவ்வளவு தெரிஞ்ச பையன், பிரிச்சு மேஞ்சுடுவான் தம்பி. பணத்தைத் திருப்பி அனுப்பிட்டேன். நீ ஒரு வார்த்தை சொல்லிடு" என்றார்.

நான்தான் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. விற்க மனசில்லை என்றால் விற்கவில்லை என்று சொல்லலாம்; யாரும் கேஸ் போடப் போவதில்லை. ஊர்ப்பட்ட ஜனத்தை பஸ் ஏற்றி வரவழைத்து, ஒரு லீவு நாளைப் பிடுங்கி, டவர் பார்க்கைச் சுற்றிக் காட்டி அனுப்புவது என்ன நியாயம்? இதை நேரிலும் சொன்னேன். "வாஸ்தவம்தான்" என்றார். அந்த வாரமே படத்தை மாற்றி, புது டயர் தெரிகிற மாதிரி, இணையத்தில் மறுபடி விளம்பரம் போட்டார்.

ஆகவே, சிவப்பு சான் ஸ்டார்ம், ஒரே ஓனர், சென்னை, விலை நேரில் என்று எங்காவது கண்ணில் பட்டால் தயவுசெய்து கூப்பிடாதீர்கள். அவருக்குப் போனில் பேசப் பிடிக்காது என்பதால் அதில் போட்டிருப்பது என் நம்பர்.