எடிட்டர் பரீட்சகர்

வலைப்பக்கம் எழுதக் கற்றுக்கொள்வதென்று ஒருவர் சங்கற்பம் செய்துகொண்டால், அதற்கு ஒரு கணிப்பொறியும், மாலையில் இரண்டு மணி நேர ஓய்வும், தப்பு வந்தால் கூசாத சுபாவமும் இருந்தால் போதுமென்று நம்மைப் போன்ற பாமரர்கள் நினைப்போம். பரீட்சகர் அப்படி நினைப்பவரல்லர். எழுதுவதற்கு முன்னால் எதில் எழுதுவது என்பது நிர்ணயமாக வேண்டும். அது நிர்ணயமாவதற்கு முன்னால் உலகத்திலுள்ள எடிட்டர்கள் யாவை என்பது தெரிய வேண்டும். அது தெரிவதற்கு முன்னால் அவை பிறந்த சரித்திரம் தெளிவாக வேண்டும் என்று, காரியத்திலிருந்து காரணத்துக்கும் காரணத்திலிருந்து ஆதிகாரணத்துக்கும் பின்னோக்கியே நடந்துபோகும் வேதாந்த விசாரம் அவருடையது. அப்படி நடந்தவர் போய் நின்ற இடம் 1976ஆம் வருஷம். அங்கிருந்து அவர் இன்னும் ஊர் திரும்பவில்லை.

இத்தகையவரைக் காண்பது நம் நாட்டில் அரிதன்று. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் ஆண்கள் விடுதிகளின் மாடியறைகளில் தேடினால் அகப்படுவார். மெக்கானிக்கலிலோ சிவிலிலோ பட்டம் வாங்கிவிட்டு, 'ஐ.டி. பக்கம் போகப்போகிறேன்' என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருப்பார். மடிக்கணினியின் மூடி முழுவதும் எடிட்டர்களின் சின்னங்கள் ஒட்டியிருக்கும். அவற்றில் சில இன்று உயிரோடில்லை. மூடியைத் திறந்தால் கறுப்புத் திரையில் ஆறு வரி; அந்த ஆறு வரிக்குள் மனிதர் படிக்கத்தக்கதாக 'வணக்கம்' என்ற ஒரே சொல். அந்த வணக்கத்தை டிராகுலா வர்ணத்தில் பார்ப்பார். பிறகு மோனோகாய் வர்ணத்தில் பார்ப்பார். சோலரைஸ்டுக்கு மாற்றி, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். எழுத்துருவை ஃபிரா கோடாக மாற்றினால் நிகர்க்குறியும் அதையடுத்த கோணக்குறியும் ஒட்டிக்கொண்டு ஒரே அம்பாகிவிடும் என்று கேள்விப்பட்டு, தம்முடைய ஆறு வரியில் அப்படிச் சேர்ந்து வரும் இடமே இல்லாததனால், அந்த இரண்டு குறிகளை மட்டும் தட்டிப் பார்ப்பதற்கென்றே தனிக் கோப்பு ஒன்று திறந்து வைத்திருக்கிறார். இதுகாறும் அவர் எழுதிய இரண்டாவது கோப்பு அதுதான்.

இவரிடம் போய் யோசனை கேட்பவர்களின் கதியைச் சொல்ல வேண்டும். கல்லூரியில் இவருக்கு இரண்டு வருஷம் பின்னால் படித்த பெண்ணொருத்தி, அன்றுதான் எச்.டி.எம்.எல். வகுப்பில் சேர்ந்தவள், "அண்ணா, எந்த எடிட்டர் போட்டுக்கட்டும்?" என்று கேட்டாள். "வி.எஸ். கோட் போட்டுக்கோம்மா, இலவசம்தான்" என்றார் பரீட்சகர். அத்தோடு நிறுத்தியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். "ஆனால்…" என்று தொடங்கினார். பெர்க்கிலி சர்வகலாசாலையில் பில் ஜாய் என்ற மாணவர் 1976இல் வி.ஐ. என்ற எடிட்டரை எழுதியதையும், அவர் பயன்படுத்திய ஏ.டி.எம்.-3ஏ என்ற முனையத்தில் அம்புக்குறிகளுக்கென்று தனி விசைகள் இல்லாமல் எச், ஜே, கே, எல் என்ற நான்கு எழுத்து விசைகளின் மேலேயே அம்புகள் பொறித்திருந்ததையும், அந்த முனையம் மறைந்து எத்தனையோ காலமாகியும் அந்த நான்கு எழுத்துக்களே இன்றைக்கும் பக்தர்களின் விரலைப் பிடித்து மேலும் கீழும் நடத்துவதையும் விஸ்தாரமாக எடுத்துரைத்தார். அதே வருஷத்தில் எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் ஸ்டால்மனும் கை ஸ்டீலும் ஈமேக்ஸைச் சிருஷ்டித்ததையும், அதற்குள் பிற்பாடு டெட்ரிஸ் விளையாட்டும், நாம் சொல்லும் குறையையே கேள்வியாக்கி நம்மிடம் திருப்பிக் கேட்கும் மனோதத்துவ வைத்தியர் ஒருவரும் குடியேறியதையும் சொன்னார். வலைப்பக்கம் எழுத வந்தவளுக்கு வைத்தியர் எதற்கு என்று அவள் முதலில் நினைத்தாளாம். பேச்சு முடிந்தபோது அவசியம் விளங்கிவிட்டது.

பரீட்சகர் வாய்ப்பேச்சோடு நிற்பவரென்று யாரும் அபவாதம் சொல்ல முடியாது. ஒவ்வொரு எடிட்டரையும் தாமே அனுபவித்துப் பார்த்தவர். நெதர்லாந்துக்காரரான பிராம் மூலனார் 1991இல் வெளியிட்ட விம்முக்குள் முதன்முதலாகப் புகுந்த இரவில், வெளியே வர வழி தெரியாமல், கடைசியில் கணிப்பொறியையே அணைத்துவிட்டுத் தூங்கப் போனார். இதில் அவமானம் ஒன்றுமில்லை. விம்மைவிட்டு வெளியேறுவது எப்படி என்ற கேள்வியை ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளத்தில் 2017க்குள் பத்து லட்சம் தடவைக்குமேல் திறந்து பார்த்திருக்கிறார்கள். எஸ்கேப் விசை, முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி என்ற மந்திரத்தை மறுநாள் கற்றுக்கொண்ட பரீட்சகர், உள்ளே போவதற்குக் காரியம் எதுவும் இல்லாவிட்டாலும், வெளியே வருவதிலுள்ள ஆனந்தத்துக்காகவே தினம் ஒருமுறை உள்ளே போய்வருகிறார். சப்ளைம் டெக்ஸ்டையும் நெடுநாள் வைத்திருந்தார். அதைக் காசு கொடாமல் காலவரையின்றிச் சோதித்துப் பார்க்கலாம். கோப்பைச் சேமித்துக்கொண்டே இருந்தால் நடுநடுவே ஒரு சிறு ஜன்னல் எட்டிப் பார்த்து, வாங்கிக்கொள்ளலாமே என்று நாசூக்காக நினைவூட்டும். சேமிப்பதற்கு ஒன்றுமே இல்லாதவருக்கு அந்த ஜன்னல் தரிசனம் தரவேயில்லை.

கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் தாய்மாமன்தான் இந்த ஆராய்ச்சிக்கு மூலகர்த்தா. தம் கடைக்கு ஒரு வலைப்பக்கம் வேண்டுமென்று மருமகனிடம் ஒப்படைத்திருந்தார். கடையின் பெயர், விலாசம், தொலைபேசி எண், திறக்கும் நேரம், பித்தளைக் குத்துவிளக்கின் படம் ஒன்று, இவ்வளவுதான் அவர் கேட்டது. தீபாவளி போய்ப் பொங்கலும் போனபிறகு தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஏன் மாப்ளே, நாலு வரி போட இத்தனை நாளா?"

"மாமா, உள்ளே வரியெல்லாம் ரெண்டு இடம் தள்ளி ஆரம்பிக்கிறதா, நாலு இடம் தள்ளி ஆரம்பிக்கிறதான்னு ஒரு பெரிய விவாதம் இருக்கு மாமா. அஸ்திவாரம் சரியா இருக்கணுமில்ல?"

"அஸ்திவாரமா? நான் போர்டு மாட்டத்தானேடா சொன்னேன்!"

மாமாவின் வார்த்தையில் நியாயம் உண்டு. எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றும் வெறும் எழுத்துக் கோப்புகள். எழுத்தை எழுத்தாகவே சேமிக்கும் எந்தச் சாதனமும் அவற்றுக்குப் போதுமானது. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் நெக்ஸ்ட் கணிப்பொறியில் எழுதிய முதல் உலாவியே எடிட்டராகவும் இருந்தது. படிக்கும் ஜன்னலிலேயே எழுதவும் முடிந்தது. ஆகையால் அந்தத் துறையின் மூலபுருஷருக்கே இந்தப் பிரச்சினை ஏற்படவில்லை. விண்டோஸில் கூடவே வரும் நோட்பேடில் எழுதினாலும் பக்கம் பக்கமாகத்தான் தெரியும். ஆனால் கோப்பின் பெயருக்குப் பின்னால் டி.எக்ஸ்.டி. என்ற வால் ஒன்று நமக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டு, எழுதியது வலைப்பக்கமாகத் திறக்காமல் வெறும் எழுத்தாகவே நிற்கலாம், யூ.டி.எஃப்.-8 என்ற குறிப்பை மேலே எழுத மறந்தால் கும்பகோணம் என்ற ஊர்ப்பெயர் பிசாசு பாஷையாகத் தோன்றலாம். நல்ல எடிட்டர் இந்தச் சங்கடங்களைக் குறைக்கும்: திறந்த குறியைத் தானே மூடும், பிழையுள்ள வரியின் நிறத்தை மாற்றிக் காட்டும், வி.எஸ். கோடில் வெற்று எச்.டி.எம்.எல். கோப்பைத் திறந்து ஓர் ஆச்சரியக்குறி இட்டு டேப் விசையைத் தட்டினால், பக்கத்தின் எலும்புக்கூடு முழுவதும், அந்த யூ.டி.எஃப்.-8 உட்பட, தானே எழுந்து நிற்கும். இவையெல்லாம் பரீட்சகருக்குத் தெரியாதவை அல்ல. இவ்வளவு தெளிவாக எடுத்துச் சொல்ல அவரைவிடத் தகுந்தவர் கிடையாது.

தெரிந்தும் ஏன் எழுதவில்லை என்றால், எழுதப்பட்ட பக்கம் குறைகளோடு பிறக்கிறது; எழுதப்படாத பக்கம் பரிபூரணமாக இருக்கிறது. குத்துவிளக்கின் படம் கைபேசியில் பார்க்கும்போது திரையைத் தாண்டி வழியலாம். தலைப்பு நடுவில் நிற்கமாட்டேனென்று முரண்டு பிடிக்கலாம். மாமா பார்த்துவிட்டு, "என்னடா இது, பக்கத்துக் கடைக்காரன் பேப்பர்ல போட்ட விளம்பரமே நல்லா இருக்கே" என்று சொல்லலாம். எடிட்டரைத் தேர்ந்தெடுக்கும் மனிதருக்கு இந்த அபாயம் ஒன்றும் இல்லை. அங்கே தோற்பது எப்போதும் எடிட்டர்தான். ஒன்று கனமாயிருக்கிறது, ஒன்று பழசாயிருக்கிறது, ஒன்றில் எழுத்து அழகாயில்லை. பரீட்சை எழுதுவதைக் காட்டிலும் பரீட்சகராக இருப்பது சௌகரியமானது என்ற உலக ரகசியத்தை அவர் இளமையிலேயே கண்டுகொண்டார்.

ஒரு சமயம் அவர் உண்மையிலேயே ஒரு முடிவுக்கு வந்தார். கிட்ஹப் நிறுவனத்தார் 2014இல் வெளியிட்ட ஆட்டம் என்ற எடிட்டரே தமக்கு உகந்ததென்று நிச்சயித்தார். 2018இல் மைக்ரோசாஃப்ட் கிட்ஹப்பை வாங்கியது. 2022 டிசம்பர் 15ஆம் தேதி ஆட்டம் நிறுத்தப்பட்டது. துக்கம் விசாரிக்கப் போன நண்பர்கள் கல்யாணக் களை சொட்டும் முகத்தைக் கண்டு திகைத்தார்கள். ஆட்டத்துக்காகச் செய்த எலெக்ட்ரான் என்ற சட்டகத்தின் மேலேதான் அதன் போட்டியாளரான வி.எஸ். கோடே எழுந்தது என்றும், ஆகவே தேகம் அழிந்தாலும் ஆத்மா பகைவன் வீட்டில் வாசம் செய்கிறது என்றும், ஆட்டத்தைச் செய்தவர்களே இப்போது ஸெட் என்ற புதிய எடிட்டரை ரஸ்ட் மொழியில் எழுதிவருகிறார்கள் என்றும் அவர் கண்கள் பளபளக்கச் சொன்னார். எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்பதைவிட நல்ல செய்தி அவருக்கு வேறென்ன இருக்கிறது?

இப்படிப்பட்டவரை வெறும் சோம்பேறி என்று ஒதுக்குவது தர்மமாகாது. எந்த எடிட்டரில் தமிழ்க் கொம்பும் கொக்கியும் எழுத்தைவிட்டு விலகி நிற்கின்றன, நாலு ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினியில் எது காற்றாடியை அலறவைக்கிறது, எந்த இணைப்பைப் போட்டால் சேமித்த மாத்திரத்தில் உலாவியில் பக்கம் தானே புதுப்பித்துக்கொள்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தம் லாபத்தைக் கருதாமல் பிறருக்காகவே சோதித்து வைத்திருக்கிறார் என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் அவருக்கு லாபம் ஏதும் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. எனவே வலைப்பக்கம் எழுதப் புகும் சிறுவர் சிறுமியர் அவரிடம் தாராளமாக யோசனை கேட்கலாம். அவர் சொல்லும் முதல் வாக்கியம் எப்போதும் சரியாகவே இருக்கும். அது முடிந்தவுடன் கும்பிட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும். இரண்டாவது வாக்கியம் 1976இல் தொடங்கும்.