மழைக்கோட்டு மகான்

செப்டம்பர் முடிந்து பள்ளி விடுமுறைக் கூட்டமெல்லாம் ஊர் திரும்பிய பிறகு, கார்ன்வால் கடற்கரைப் பாறைகளின் மேல் மழைக்கோட்டுக்காரர் ஒருவர் தென்படுவார். அறுபதைத் தாண்டியவர். முழங்கால்வரை சேறு. கழுத்தில் பைனாகுலர். பிளாஸ்டிக் உறைக்குள் வரைபடம். இரண்டடி பின்னால் மனைவி.

அவர் நடப்பது 'சவுத் வெஸ்ட் கோஸ்ட் பாத்'. மைன்ஹெட்டில் தொடங்கி, இங்கிலாந்தின் தென்மேற்கு மூக்கைச் சுற்றிக்கொண்டு பூல் துறைமுக வாயிலில் முடியும் 630 மைல் பாதை. 1978-இல் முழுமை பெற்றது. மொத்தத்தையும் நடந்தால் ஏறக்குறைய நான்கு எவரெஸ்ட் உயரம் ஏறிய கணக்கு. மழைக்கோட்டுக்காரர் இன்று நடக்கப்போவது ஆறு மைல்தான். இருந்தாலும் எதிரே வருகிறவர் எவரெஸ்ட் கணக்கைக் கேட்காமல் தப்ப முடியாது.

இந்தப் பாதை ஏன் ஒவ்வொரு குடாவுக்குள்ளும் இறங்கி ஏறித் தொலைக்கிறது என்று யாராவது மூச்சிரைக்கக் கேட்டுவிட்டால் அவருக்குக் கொண்டாட்டம். 19-ஆம் நூற்றாண்டில் கடத்தல்காரர்களைத் தேடிக் கடலோரக் காவலர்கள் ரோந்து போன தடம் இது. ஒரு குடா விடாமல் எட்டிப் பார்ப்பது அவர்கள் உத்தியோகம். "எவனோ பிராந்தி கடத்தினான், நம் முழங்கால் தண்டனை அனுபவிக்கிறது" என்பார். கதை முடிவதற்குள் அவருக்கும் மூச்சு திரும்பியிருக்கும்.

மழை பெய்கிறதே என்று மட்டும் அவரிடம் சொல்லக் கூடாது. தொப்பியைக் காற்று கொண்டுபோன பிறகும், "இது மழையா? அலை கொஞ்சம் உயரமாகத் தெறிக்கிறது" என்பார்.

மரமே அரிதான இந்தப் பாறை விளிம்பில் இலையுதிர்காலம் பெரணிப் புதர்களில்தான் வந்து இறங்கும். சரிவு முழுக்கத் துருநிறம். பறக்கும் கருப்புப் பறவையெல்லாம் அவருக்குச் செவ்வலகுக் காகம். கார்ன்வாலின் சின்னத்தில் இருக்கும் அந்தப் பறவை 1973-இல் அங்கே அற்றுப்போய், 2001-இல் தானாகத் திரும்பி வந்தது. பைனாகுலரில் பார்த்துப் பரவசப்படுவார். அது வாயைத் திறந்து சாதாரணக் காகம் என்று நிரூபிக்கும்வரை.

கீழே குடாவில் வெண்ரோமச் சாம்பல் சீல் குட்டி ஒன்று கிடக்கும். சத்தம் கேட்டால் தாய் குட்டியை விட்டுவிட்டுக் கடலுக்குள் ஓடிவிடும் என்பதால், ரகசியக் குரலில் விளக்குவார். அவருக்குக் காது சற்று மந்தம். அந்த ரகசியம் அடுத்த குன்றுவரை கேட்கும். மூன்று வாரம் பால் கொடுத்ததும் தாய் போய்விடும், பிறகு குட்டி தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பார். "மூன்றே வாரம்!" என்று பெருமூச்சு விடுவார் மனைவி. வீட்டில் மகனுக்கு முப்பத்திரண்டு வயது.

வேலியில் பிளாக்பெர்ரி கனிந்திருக்கும். செப்டம்பர் 29, மைக்கேல்மஸ் திருநாளுக்குப் பிறகு அந்தப் பழத்தில் சாத்தான் துப்பிவிடும் என்பது கிராமத்து நம்பிக்கை. அறிவியல் படித்தவர், இதைக் கேட்டுச் சிரிப்பார். சிரித்துக்கொண்டே முதல் பழத்தை மனைவியிடம் நீட்டுவார்.

நடை முடிவது தேநீர்க் கடையில். ஸ்கோன் ரொட்டியின் மேல் முதலில் ஜாம், அப்புறம் கிரீம் என்பது கார்ன்வால் சட்டம். பக்கத்து மாவட்டமான டெவனில் அப்படியே தலைகீழ். மனைவி பிறந்தது டெவன். அவர் நிதானமாகக் கிரீமை முதலில் தடவத் தொடங்குவார்.

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "வெளியே நல்ல மழை" என்பார்.