காணொலித் துண்டிப்பின் திணை இலக்கணம்

வேறு வேறு கம்பெனிகளின் வீடியோ கான்ஃபரன்ஸ் கருவிகள் ஒன்றையொன்று அழைத்துக் கைகூடாமல் போவது ஒரு துறை. அதற்கும் இலக்கணம் வேண்டும். நல்ல வேளையாக, பிரிவையும் இரங்கலையும் முன்னோர் ஏற்கெனவே வகைப்படுத்திவிட்டார்கள். தலைவன் தலைவி இருக்கும் இடத்தில் அலுவலகத்துப் பெட்டியையும் லேப்டாப்பையும் வைத்தால் போதும்.

முதற்பொருளில் நிலம், நெட்வொர்க். பொழுது, மீட்டிங் தொடங்க இரண்டு நிமிடம் இருக்கும் நேரம். கருப்பொருள்கள்: ஃபயர்வால், ரவுட்டர், பேட்டரி தீர்ந்த ரிமோட். பறவை இல்லை, ‘ஹலோ, கேக்குதா?’ என்ற கூவல் மட்டும் உண்டு.

தலைமக்கள் இருவரும் வேறு குலம். எச்.323 என்பது 1996-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த நெறி. 1720-ஆம் போர்ட்டில் கதவைத் தட்டும். சிப் (SIP) என்ற மற்றொரு நெறி 1999-இல் இணையப் பொறியியலாளர்கள் வகுத்தது, 5060-இல் தட்டும். கேட்வே என்ற தோழி நடுவில் நின்று தூது போகாவிட்டால் களவும் இல்லை, கற்பும் இல்லை.

இனி திணைகள்.

கைக்கிளை: ஒரு பக்கம் படமும் குரலும் வரும், மறுபக்கம் கறுப்புத் திரை. அழைப்புக்கான பேச்சு ஒரு வழியில் போகும், படமும் குரலும் வேறு யுடிபி போர்ட்டுகளில் போகும் என்பதால் வரும் வினை இது. ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கருவி, ‘192.168.1.20-க்கு அனுப்பு’ என்று செய்திக்குள்ளேயே தன் உள்வீட்டு முகவரியை எழுதிவிடுகிறது. அந்த முகவரி வாசலுக்கு வெளியே செல்லாது. எதிர்ப்பக்கத்தவரோ அதை நம்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.

பெருந்திணை: பொருந்தாக் காமம். ஒன்றுக்கு எச்.264 என்ற படச் சுருக்க முறை மட்டும் தெரியும், மற்றதற்கு விபி8 முறை மட்டும். அழைப்பு இணைந்தும் படம் வராது. பிரவுசர்களுக்குள் இந்தச் சண்டை முற்றி, 2014-இல்தான் இரண்டையும் தாங்க வேண்டும் என்று சமரசம் ஆயிற்று. பழைய பெட்டிகளுக்கு அந்தச் சமரசம் எட்டவில்லை.

நெய்தல்: முகம் தெரியும், ஸ்லைடு வராது. எச்.323 குலம் ஸ்லைடை எச்.239 முறையில் அனுப்பும். சிப் குலம் பிஎஃப்சிபி வழியில் கேட்கும்.

பாலை: இதுவே ஆய்வாளருக்கு மிகப் பிடித்தது. அழைப்பு அழகாக இணைகிறது, வணக்கம் சொல்லி முடிகிறது, 32-ஆவது விநாடியில் அறுந்துபோகிறது. மறுநாளும் அதே 32. ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று எதிர்க்கருவி அனுப்பிய பதிலுக்கு, ‘கிடைத்தது’ என்ற உறுதிச் செய்தி திரும்பிப் போய்ச் சேரவில்லை. வழியில் ஏதோ ரவுட்டர் விழுங்கியிருக்கும். சிப் நெறியில் அரை விநாடி என்ற அடிப்படை அளவை 64-ஆல் பெருக்கினால் வரும் 32 விநாடிதான் காத்திருப்பின் எல்லை. அது தாண்டினால் கருவி கதவைச் சாத்திவிடும்.

மருதம்: ஊடல். இரு கம்பெனி டெக்னீஷியன்களும் ‘எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார்’ என்பார்கள். பெரும்பாலும் இருவரும் பொய் சொல்வதில்லை; பிழை நடுவழியில் இருக்கிறது.

முல்லை ‘ஹோஸ்ட் விரைவில் அனுமதிப்பார்’ என்ற திரைக்கு முன் காத்திருத்தல். குறிஞ்சி என்னும் கூடல் அபூர்வம் என்பதால் விரிக்கவில்லை.

ஆகவே அன்பரே, அடுத்த முறை ‘கனெக்ட் ஆகல’ என்று மட்டும் புகார் எழுதாதீர்கள். எந்தப் பக்கம் இருட்டு, எத்தனையாவது விநாடியில் அறுந்தது, ஸ்லைடு மட்டுமா முகமுமா என்று மூன்று வரி சேர்த்து எழுதுங்கள். டெக்னீஷியனுக்குப் பாதி வேலை அதிலேயே முடியும்.