கயாக் வந்தால் அத்துமீறல், கழிவு வந்தால் அனுமதி

இங்கிலாந்தில் ஓடும் ஆற்றுத் தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதற்கு அடியில் கிடக்கும் கூழாங்கல்லுக்குச் சொந்தக்காரர் உண்டு. நடு ஆறு வரை இந்தக் கரைக்காரருக்கு, மீதி அந்தக் கரைக்காரருக்கு. கல்லைத் தொடாமல் கயாக் என்னும் துடுப்புப் படகில் மிதந்து போனாலும் அவர் நிலத்தில் நீங்கள் அத்துமீறிவிட்டீர்கள்.

துடுப்பாளர் சங்கம் சொல்லும் கணக்குப்படி, தகராறில்லாமல் படகு விடக்கூடியவை அந்நாட்டு ஆறுகளில் வெறும் 4 சதவீதம். மற்ற இடங்களில் முள்கம்பி, பூட்டிய கேட், ‘தனியார் மீன்பிடி’ என்று ஒரு பலகை. படகு வந்தால் மீன் மிரளுமாம். மீனின் மன அமைதிக்காக இவ்வளவு உருகுவது யார்? அதன் வாயில் முள்ளை மாட்டி இழுப்பவர்.

2000இல் நாடாளுமன்றம் வள்ளலானது. மலையிலும் மேட்டு நிலங்களிலும் மக்கள் தாராளமாக நடக்கலாம் என்று சட்டம் போட்டது. பின்னிணைப்பில் கையை விரித்தது: உள்நாட்டு நீரில் படகு விட இந்த உரிமை செல்லாது. குளிக்கவும் செல்லாது. ஆற்றைப் பார்க்கலாம். அதுவரை இலவசம்.

எல்லை தாண்டி ஸ்காட்லாந்து போனால், பொறுப்போடு நடந்துகொள்பவர் ஆற்றிலும் ஏரியிலும் படகு விடலாம். 2003ஆம் ஆண்டுச் சட்டம் அது. அங்கே எந்த எஸ்டேட்டும் மூழ்கிப்போனதாகத் தகவல் இல்லை.

சரி, இங்கிலாந்து ஆற்றில் கேட்காமல் இறங்கவே முடியாதா? முடியும். நீங்கள் சாக்கடையாக இருக்க வேண்டும்.

டெவனில் டார்ட் போன்ற ஆறுகளில் பாறைக்குப் பாறை நுரைத்துப் பாயும் வெள்ளம் வேண்டுமென்றால் நல்ல மழை பெய்ய வேண்டும். கயாக்காரர் அதற்குத்தான் காத்திருக்கிறார். தண்ணீர் கம்பெனிகளின் கழிவுநீர் வழிவுக் குழாய்களும் அதே மழைக்குத்தான் வாய் திறக்கின்றன. அசாதாரண மழைக்கென்று வைத்த ஏற்பாடாம் அது. 2023இல் இங்கிலாந்தில் அப்படித் திறந்தது 4,64,056 முறை. மொத்தம் 36 லட்சம் மணி நேரம். நாளொன்றுக்குச் சராசரியாக 1,270 ‘அசாதாரணங்கள்’!

1989இல் தனியார் கைக்குப் போன கம்பெனிகள் இவை. பங்குதாரருக்கு லாப ஈவை அள்ளிக் கொடுத்தார்கள். குழாய்க்குத்தான் காசில்லை. ஜனங்களின் பில்லில் மட்டும் கழிவுநீர் அகற்றும் கட்டணம் மறக்காமல் வருகிறது. அகற்றுகிறார்கள்தான். ஆற்றுக்கு.

பிறகு, கனமழைக்குப் பின் ஆற்றில் இறங்காதீர்கள், உடம்புக்கு ஆகாது என்று கரிசனத்தோடு எச்சரிக்கை வேறு வருகிறது. யாருக்கு? இறங்க உரிமையே இல்லை என்று விரட்டப்பட்ட அதே ஜனங்களுக்கு.