பாகனினிக்கும் பர்ட்டனுக்கும் திவசம் செய்வது எப்படி?

முதல் வேலை காலண்டர். மேற்கத்திய செவ்வியல்காரர்களையும் மெட்டல்காரர்களையும் சேர்த்துத் தேதி குறித்துப் பாருங்கள், மார்ச் ஒரு மாதமே முதுகை ஒடித்துவிடும்: 5 புரோகோஃபியெவ், 19 ராண்டி ரோட்ஸ், 22 லுல்லி, 26 பீத்தோவன். புரோகோஃபியெவை வேண்டுமானால் விட்டுவிடலாம், பாவம். 1953இல் ஸ்டாலின் போன அதே நாளில் போய்ச் சேர்ந்தவர், சொந்த ஊரே கண்டுகொள்ளவில்லை. ஜூலை 28 சிக்கனமான நாள். 1741இல் விவால்டி, 1750இல் பாக். ஒரே ஊதுவத்தியில் இருவரையும் முடிக்கலாம்.

நாள் கிடைத்ததும் இசையைக் கேட்க உட்கார்ந்துவிடாதீர்கள். நினைவுநாளில் பேசவேண்டியது சாவைப் பற்றி. லுல்லியை எடுங்கள். பதினான்காம் லூயி சிகிச்சையில் தேறியதற்காக நடந்த கச்சேரியில், தாளம் தட்டும் கனத்த கோலால் தன் காலையே குத்திக்கொண்டார். புண் அழுகியது. காலை எடுத்துவிடலாம் என்றார்கள், நாட்டியக்காரரான அவர் மறுத்தார், 1687இல் இறந்தார். இவ்வளவு தெரிந்தால் போதும், அவருடைய ஓபரா ஒன்றின் பெயர்கூட வேண்டாம். மெட்டல் உலகத்திலேயே இப்படியொரு மரணம் சுலபத்தில் கிடைக்காது.

மெட்டாலிக்காவின் பேஸ் கிட்டார்க்காரர் கிளிஃப் பர்ட்டனுக்குச் சீட்டுக்கட்டு. 1986 செப்டம்பர் 27, ஸ்வீடன். பேருந்தில் நல்ல படுக்கை யாருக்கு என்று சீட்டெடுத்தார்கள், ஸ்பேட் ஏஸ் இவர் கைக்கு வந்தது, போகிற வழியில் பேருந்து கவிழ்ந்தது, வயது 24. இதைக் கண் கலங்கச் சொல்லுங்கள். இவர் வாசித்த ‘ஓரியன்’ எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும், பாட்டே கிடையாது. அந்தப் பக்கம் போகவேண்டாம். போனால், இந்த ஆள் பாக்கை ஊன்றிக் கேட்டவர் என்பது காதில் விழுந்துவிடும். பிறகு அடுத்த விதியைக் காப்பாற்றுவது கஷ்டம்.

அடுத்த விதி: இரண்டு கும்பலையும் ஒரே பந்தியில் உட்காரவைக்கக் கூடாது. செவ்வியல் ரசிகரிடம் மெட்டல் கிட்டார்க்காரர் ரோட்ஸ் பற்றி வாய் திறக்காதீர்கள். பாடகர் ஓஸி ஆஸ்பார்னோடு ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போனபோது, போன இடத்திலெல்லாம் கிளாசிக்கல் கிட்டார் வாத்தியாரைத் தேடிப்பிடித்துப் பாடம் கேட்ட பையன் அவர். அம்மா டெலோரஸுக்காக ‘டீ’ என்று ஒன்று வாசித்திருக்கிறார், ஒரு நிமிடம்கூட வராது, அவ்வளவு அடக்கம். 25 வயதில் விமான விபத்து. விபத்தை மட்டும் சொல்லுங்கள்.

அதேபோல் மெட்டல் ரசிகரிடம் பாகனினி வேண்டாம். பிசாசோடு ஒப்பந்தம் போட்டவர் என்று ஊரே நம்பிய வயலின்காரர். 1840இல் இறந்தவரைப் புதைக்கத் திருச்சபை இடம் தரவில்லை. பார்மாவில் கல்லறை கிடைக்க 1876 ஆயிற்று. தலைகீழ்ச் சிலுவை மாட்டித் திரிகிற நம் பையன்கள் கூச்சப்பட்டுவிடுவார்கள். அவர்கள் மே 16 அன்று மெட்டல் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோவுக்காக இரண்டு விரலைக் கொம்பாகத் தூக்கட்டும். அது அவருடைய இத்தாலியப் பாட்டி கண்ணேறு கழிக்கக் காட்டிய சைகை என்பதை எல்லாம் முடிந்தபிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

மோட்டர்ஹெட் குழுவின் லெம்மி ஒருவர்தான் நமக்கு ஒத்தாசையாகப் போனவர். 2015 டிசம்பர் 24 எழுபதாவது பிறந்தநாள், 28 மரணம். படத்தை மாற்றவேண்டாம், ‘வாழ்த்துகள்’ இருந்த இடத்தில் ‘அஞ்சலி’ என்று போட்டு, மாலையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் சரி.