செர்காம் நிருபர்

செர்காமில் நாங்கள் குடியிருந்த தோட்டத்தில் தொடர்பியல் படித்தவர் யாரும் கிடையாது, செய்தவர்கள் நிறைய. விடிகாலைப் பெரட்டில் மண்டோர் போடும் சத்தம்தான் முதல் ஒலிபரப்பு. அதற்குப் பிறகு கலியாணம், சாவு, கடன் தகராறு எல்லாவற்றையும் லயம் லயமாகக் கொண்டுபோக ஒரு பாட்டி இருந்தார். மறுப்புச் செய்தி வெளியிடும் வழக்கம் அவருக்கில்லை.

மெர்லிமாவிலிருந்து தமிழ் நேசன் வரும். கடை வாசலில் ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். காசு கொடுத்தவர் ஒருவர், கருத்துச் சொல்பவர்கள் தோட்டம் முழுக்க!

படிப்பும் அந்தத் தாளிலேயே கிடைத்தது என்பார் அப்பா. 1950வாக்கில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். பத்திரிகையே பள்ளிக்கூடம், ரப்பர் தோட்டத்துக் கிராணியும் தமிழ்ப்பள்ளி வாத்தியாரும் ஒரே வகுப்பு. தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம் சின்னப் பிள்ளைகளைப் பேனா பிடிக்க வைத்தது. கட்டணம், பத்திரிகை விலையும் தபால்தலையும். 1970களில் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தத் தகவல் மட்டும் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேரவேயில்லை.

நான் செர்காம் நிருபர் ஆனதற்கு ஒரே தகுதி, கையெழுத்து. கோயில் திருவிழா, பந்து விளையாட்டு, பள்ளிப் பரிசளிப்பு விழா எழுதுவேன். பிரமுகர் பெயர் ஒன்று விடுபட்டால் அவர் மைத்துனர் வீட்டுக்கே வந்துவிடுவார். படச்சுருளை உறையில் போட்டுக் கோலாலம்பூர் பஸ்காரரிடம் கையைக் காலைப் பிடித்துக் கொடுத்தனுப்ப வேண்டும். அச்சான செய்திக்கு அங்குலக் கணக்கில் காசு. அது வருவதற்குள் அடுத்த ஆண்டுத் திருவிழா வந்துவிடும். எந்தப் பத்திரிகை என்று கேட்காதீர்கள். அம்மாவுக்கு மட்டும் என் எதிர்காலத்தில் நம்பிக்கை இருந்தது. வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்த சாமிவேலு அமைச்சராகிவிட்டாரே!

இப்போது தம்பி மகள் தனியார் கல்லூரியில் தொடர்பியல் படிக்கிறாள், பிடிபிடிஎன் கடனில். போன மாதம் பயிற்சிக் கட்டுரைக்காக என்னைப் பேட்டி காண வந்தாள்.

“பெரியப்பா, உங்க டார்கெட் ஆடியன்ஸ் யாரு?”

“மேடையில உட்கார்ந்திருந்தவங்கதாம்மா.”

சிரிக்காமல் குறித்துக்கொண்டாள்.

அவள் கைப்பேசியில் படக்கருவி, ஒலிப்பதிவு, அச்சகம், பஸ்காரர் எல்லாரும் அடக்கம். 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி பத்திரிகைகள் வருடா வருடம் உரிமத்தைப் புதுப்பிக்க உள்துறை அமைச்சின் தயவை நம்பியிருந்தன. 2012இல்தான் அந்த வருடாந்தரக் கெடு நீங்கியது. இவளுக்கு உரிமமே வேண்டாம். ஆனால் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவை மனப்பாடமாக ஒப்பிக்கிறாள். எதைப் போட்டால் போலீஸ் கூப்பிடும் என்பதும் பாடத்திட்டத்தில் இருக்கிறதாம். எங்களுக்கு அதை மண்டோர் சொல்லிக்கொடுத்தார்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்துச் சனங்கள் தாமான்களுக்குப் போய்விட்டார்கள். 1924இல் பிறந்த நேசன் 2019 தொடக்கத்தில் நின்றது. அவள் பாடத்தில் அது ‘வரலாறு’ என்ற தலைப்பில் வருகிறது. படித்து முடித்தபின் மின்னல், ராகா வானொலிகளில் இடம் கிடைப்பவர் சிலர். மற்றவர்கள் சோப்புக்கும் வீடமைப்புத் திட்டத்துக்கும் விளம்பரம் எழுதப் போவார்கள். அதில் சம்பளமாவது மாதா மாதம் வரும்.

எங்கள் பக்கத்துக் கோயில் தீமிதியை அவள் டிக்டாக்கில் போட்டிருந்தாள். வெளிச்சம், வெட்டு, இசை எல்லாம் பிரமாதம். எந்தக் கோயில், எந்த ஊர், என்றைக்கு என்பது மட்டும் இல்லை. கேட்டதற்கு, “அதெல்லாம் போட்டா ஆளுங்க தள்ளிவிட்டுப் போயிடுவாங்க பெரியப்பா” என்றாள்.

உங்கள் வீட்டில் தொடர்பியல் படிக்கும் பிள்ளை இருந்தால் ஒன்று செய்யுங்கள். நீங்கள் பிறந்த தோட்டத்துக்குக் கூட்டிப்போய், அது எந்த வருடம் மூடப்பட்டது, எந்தக் குடும்பம் எங்கே போனது என்று எழுதச் சொல்லுங்கள். பெயர், ஊர், தேதியோடு.