லேக் வியூ லேப்டாப்

வாடா பேராண்டி, திண்ணையில உக்காரு. கையில கடை நோட்டீஸ் ஒரு கத்தை, கண்ணுல தூக்கம் இல்ல. கல்யாணத்துக்கு நாள் குறிச்சப்பகூட நீ இப்படி முழிச்சிக்கினு இருந்ததில்ல. பழைய லேப்டாப்பை மாத்தணும், அறுபதாயிரம் ரூவாதான் இருக்குது, யோசனை சொல்லு தாத்தாங்கிற. நல்ல ஆளைப் புடிச்ச! அஞ்சாங்கிளாஸோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனா ஒன்னு, மாடி போர்ஷன் எல்லாத்தையும் ஐடி பசங்களுக்குத்தான் வாடகைக்கு விட்டிருக்கேன். ஒருத்தன் புதுசு வாங்கிக்கினு வந்து குதிப்பான். இன்னொருத்தன் போன வருஷம் வாங்கினதை நெனச்சி அழுவான். ரெண்டு சத்தமும் திண்ணை வரைக்கும் இறங்கி வரும்.

லேப்டாப்பைப் பத்தி எனக்கு அவ்ளோதான் ஞானம். ஆனா பிளாட் விக்கறவனை நல்லாத் தெரியும். நம்ம பள்ளிக்கரணையில எத்தினி பேரு கலர் நோட்டீஸ் அடிச்சாங்க! லேக் வியூ, கேட்டட் கம்யூனிட்டி, மெயின் ரோட்டுல இருந்து கூப்பிடு தூரம். எழுதினது எல்லாம் நெசந்தான். மேல இருக்கற ஏரித் தண்ணியெல்லாம் நம்ம சதுப்புல இறங்கி, ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்க்குப் போயித்தான் கடல் சேரணும், அதுக்கு வழி வேணும்னு மட்டும் ஒருத்தனும் அச்சடிக்கல. 2015 டிசம்பர்லயும் சரி, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அடிச்சப்பயும் சரி, ஏரியே வூட்டைப் பார்க்க வந்துடுச்சி. லேக் வியூன்னு போட்டான். யாரு யாரைப் பார்க்கறதுன்னு போடல. அவன் மேல குத்தம் சொல்ல முடியுமா?

லேப்டாப் நோட்டீஸும் அந்த ரகந்தான். பொய் எழுத மாட்டான். பெரிய எழுத்துல இருக்கறதை ஒரு தரம் படி. எழுதாம உட்டதை மூணு தரம் கேளு. அம்புட்டுத்தான் என் படிப்பு. மிச்சமெல்லாம் மாடியில இருந்து காதுல விழுந்தது.

மொதல்ல பழசுக்கு இன்னா நோவு? ஆன் பண்ணிட்டுப் போயி பல்லு வெளக்கிட்டு வந்தாலும் வட்டம் சுத்திக்கினே இருக்குதுங்கிற. உள்ள இருக்கறது ஹார்டு டிஸ்க்கு, தகடு சுத்தி ஊசி தேடற பழைய சாமான். அதைக் கழட்டிட்டு எஸ்எஸ்டி போட்டாலே பாதி நோவு போயிடும். கடைக்காரன் இதைச் சொல்ல மாட்டான், அதனால நான் சொல்றேன். ஆனாலும் உன்னுது ஐ5 ஏழாந் தலைமுறை. விண்டோஸ் 10ஐ மைக்ரோசாப்ட்டு 2025 அக்டோபர் 14ஓட கைகழுவிடுச்சி. விண்டோஸ் 11 ஏறணும்னா டிபிஎம் 2.0 வேணும், இன்டெல்லுன்னா பொதுவா எட்டாந் தலைமுறையில இருந்துதான் சேர்த்துக்குவான். நீ ஒரு படி கீழ நின்னுட்ட. பாங்குக் கணக்கெல்லாம் பார்க்கற மெஷின்ல காவல் இல்லாத விண்டோஸை வெச்சி எத்தினி நாளு ஓட்டறது? சரி, புதுசு வாங்கு, நான் தடுக்கல. பழசுல திரை நல்லாத்தான இருக்குது? கீபோர்டுல எல்லா எழுத்தும் விழுதா? விழுதா, நல்லது. சும்மாதான் கேட்டேன்.

அடுத்தது, எதுக்கு வாங்கற? "எல்லாத்துக்கும் தாத்தா"ங்கிற பாரு, அந்தப் பதிலைச் சொல்றவனுக்குத்தான் கடையில நாற்காலி போட்டு கூல் டிரிங்ஸ் குடுப்பான். ஆபீஸ் வேலைக்கு சோழிங்கநல்லூர் கம்பெனிக்காரன் தனியா ஒன்னு குடுத்திருக்கான். வூட்டுல உன் பொண்டாட்டி சாயங்காலம் ஆன்லைன்ல டியூஷன் எடுக்கறா. நீ ராத்திரியில ஏதோ கோடிங் பாடம் படிக்கற, படிக்கறேன்னு சொல்ற. நாயித்துக்கெழமை ஒரு படம். இதுக்கு எதுக்குடா ஆர்டிஎக்ஸ் ஒட்டின கேமிங் லேப்டாப்பு? மாடியில ஒரு தம்பி வாங்கினான். ஒரு வாரம் ஆடினான். இப்ப அந்தக் கலர் வெளக்கெல்லாம் எக்செல் ஷீட்டுக்குத்தான் எரியுது. கிராபிக்ஸ் கார்டுக்குக் குடுக்கற காசு, கேம் ஆடாதவன் வூட்டுல கரெண்ட்டு பில்லாவும் தோள் வலியாவும்தான் திரும்பி வரும்.

இப்ப நம்பருக்கு வருவோம். ஐ5ன்னு ஸ்டிக்கர் இருந்தா கெலிச்சிட்டோம்னு நெனைக்காத. ஐ5-1334யூன்னு ஒன்னு, ஐ5-13420எச்சுன்னு ஒன்னு. ரெண்டும் பதிமூணாந் தலைமுறை. குணம் கடைசி எழுத்துல இருக்குது. யூன்னா கரெண்ட்டு கம்மியாக் குடிக்கும், சூடு கம்மி, பேட்டரி நிக்கும். எச்சுன்னா வேலை ஜாஸ்தி செய்யும், தீனியும் ஜாஸ்தி. மொதல்ல சொன்னதுல கோர் பத்து, ரெண்டாவதுல எட்டு. பத்துன்னதும் உன் கண்ணு விரியுது பாரு! அந்தப் பத்துல பெரிய கோர் ரெண்டுதான், மத்த எட்டும் சின்னது. எட்டு இருக்கறதுல நாலு பெருசு. வீடியோ வெட்டி ஒட்டறவனுக்கு எட்டுதான் முந்தும். உன் டியூஷனுக்கும் பாடத்துக்கும் யூவே தாராளம்.

இன்டெல்காரன் 2024 ஆரம்பத்துல 'ஐ'யைத் தூக்கிட்டு கோர் 5 120யூன்னு பேரு வெச்சான். பேருதான் புதுசு, உள்ள ஓடறது அதே பதிமூணாந் தலைமுறை ரத்தம். ஏஎம்டிகாரன் அதுக்கும் மேல கெட்டிக்காரன். ரைசன் 5 7520யூன்னு ஒன்னு இருக்குது. ஏழுன்னா 2023 வரிசைன்னு அர்த்தம். பார்த்தா புது மாப்பிள்ளை. மூணாவது எண்ணைப் பாரு: ரெண்டு. ரெண்டுன்னா ஜென் 2, அந்த டிசைன் 2019ல வந்தது. 7530யூன்னா ஜென் 3. மூணாவது எடத்துல நாலு இருந்தா ஜென் 4. ஆயிரத்துல புதுசைக் காட்டி, பத்துல பழசை ஒளிச்சி வெச்சிருக்கான். பொய் இல்ல பாரு, எல்லாம் நம்பர்லயே இருக்குது! கடைப் பையன்கிட்ட, "ஏம்பா, மூணாவது எண் இன்னா?"ன்னு கேளு. அவன் மேனேஜரைத் தேடிக்கினு போவான். அவன் திரும்பி வர்றதுக்குள்ள நீ மத்ததைத் தடவிப் பார்த்துடலாம்.

ராம் எட்டு ஜிபிதான் இருக்கும். "அப்புறம் ஏத்திக்கலாம் சார்"ம்பான். எங்க ஏத்தறதுன்னு கேளு. பல மாடல்ல ராமை போர்டோட சேர்த்துப் பத்த வெச்சிடறான். கழட்டவும் முடியாது, கூட்டவும் முடியாது. அந்த 7520யூ வர்ற மெஷின் எல்லாமே அப்படித்தான். சிலதுல எட்டைப் பத்த வெச்சிட்டு பக்கத்துல ஒரு ஸ்லாட்டைக் காலியா உட்டிருப்பான். வாய் வார்த்தையை நம்பாத, முழு மாடல் நம்பரைப் போட்டு கம்பெனி வெப்சைட்டுல பாரு. ஸ்லாட்டே இருந்தாலும் இப்ப காலம் சரியில்ல. 2025 கடைசியில இருந்து மெமரி விலை ஏறிக்கினு போவுது. ஏஐ டேட்டா சென்டருங்க எல்லாத்தையும் வாரிக்கினு போவுது. மைக்ரான் கம்பெனி க்ரூஷியல்ங்கற பேருல நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வித்துக்கினு இருந்த வியாபாரத்தையே மூடப் போறேன்னு 2025 டிசம்பர்ல சொல்லிடுச்சி. அதனால மொதல்லயே 16 ஜிபி இருக்கறதா வாங்கிடு. எஸ்எஸ்டி 512 போதும், பின்னால மாத்திக்கலாம். மாத்த முடியாத சாமானுக்குக் காசு போடு, மாத்த முடிஞ்சதுல மிச்சம் புடி.

மாத்த முடியாததுல பெருசு திரை. ஃபுல் எச்டின்னு கொட்டை எழுத்துல போடுவான். 250 நிட்ஸ், 45 சதவீதம் என்டிஎஸ்சின்னு எறும்பு எழுத்துல போடுவான், அதையும் சில பேரு போட மாட்டான். அந்த ரகத்துல செவப்பு வெளுத்துத் தெரியும், வெளிச்சமும் பத்தாது. உன் ரூம் ஜன்னல் கிழக்கால சதுப்பைப் பார்த்து இருக்குது. காலை வெயில்ல திரையில உன் மூஞ்சிதான் தெரியும். அந்தத் தண்டனை உன் பொண்டாட்டிக்கு மட்டும் போதும், உனக்கும் எதுக்கு? ஐபிஎஸ் திரையா, 300 நிட்ஸுக்குக் குறையாம பாரு. கடையில நேரா நின்னு பார்க்காத. எழுந்து பக்கவாட்டுல போயி நின்னு பாரு.

அப்புறம் கையை உபயோகப்படுத்து. கீபோர்டு நடுவுல ஒரு விரலால அழுத்து. பள்ளம் விழுந்தா உடம்பு வீக்குன்னு தெரிஞ்சிக்கோ. மூடியை ஒத்தைக் கையால தூக்கு. அடிப்பாகமும் கூடவே தூக்கிக்கினு வந்தா ஹிஞ்ச் டைட்டு. மாடிப் பசங்க அழற அழுகையில பாதி இந்த ஹிஞ்ச் அழுகைதான். உள்ள பிளாஸ்டிக்குல சின்னச் சின்ன பித்தளை மரையைப் பதிச்சி, அதுலதான் ஹிஞ்ச் ஸ்குரூவை முறுக்கியிருப்பான். தினம் மூலையைப் புடிச்சி வெடுக்குன்னு தொறந்தா, பித்தளை நிக்கும், பிளாஸ்டிக்கு பொளந்துக்கும். மூடியை நடுவுல புடிச்சித் தொற. இதுக்குக் காசு கேக்க மாட்டேன்.

திருப்பிப் போட்டு வயித்தைப் பாரு. காத்து உள்ள போற சல்லடை அங்க இருக்கும், வெளிய வர்ற வழி ஹிஞ்ச் பக்கமோ ஓரத்துலயோ இருக்கும். பிளாட்டுல தண்ணி எங்க போவுதுன்னு கேட்டோம், இங்க சூடு எங்க போவுதுன்னு கேளு. அவன் வழி உட்டாலும் நீ உட மாட்ட, எனக்குத் தெரியும். மே மாசத்துல மெத்தை மேல வெச்சி வயித்தை அடைச்சிட்டு, மெஷின் ஸ்லோன்னு கம்பெனியைத் திட்டுவ. சூடு ஏறினா சிப்பு தானாவே வேகத்தைக் கொறைச்சிக்கும்டா. ஒரு பலகை வெச்சி உக்காரு.

பேட்டரியில "பத்து மணி நேரம்"ன்னு எழுதினதை அப்படியே தள்ளிடு. வாட் அவர்னு ஒரு கணக்கு இருக்குது, அதைக் கேளு. 42ன்னா சுமார், 50க்கு மேலன்னா நல்லது. டைப் சி பாயிண்டுல சார்ஜ் ஏறுமான்னும் கேளு. சில மெஷின்ல அந்த ஓட்டை டேட்டாவுக்கு மட்டுந்தான். மிக்ஜாமுக்கு இந்தப் பக்கம் நாள்கணக்குல கரெண்ட்டு இல்ல. டைப் சி மெஷின்காரன் பெரிய பவர் பேங்குல சொருவிக்கினான். மத்தவன் சார்ஜரைக் கையில வெச்சிக்கினு பிளக்கைத் தடவிக்கினு இருந்தான். இன்னொன்னு: சாதா வாரண்டியில தண்ணி பூந்தா சேராது. நம்ம ஊருல இருந்துக்கினு அதைக் கேக்காம பில்லு போடறவன் தைரியசாலி.

விலைக்கு வா. நம்ம தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்துக்குள்ளயே சிர்மா எஸ்ஜிஎஸ் கம்பெனி 2025 ஜனவரியில லேப்டாப் அசெம்ப்ளி லைன் தொறந்திருக்குது. தைவானோட எம்எஸ்ஐ பேருல வருது. ஸ்ரீபெரும்புதூர்ல டெல் எப்பவோ வந்தாச்சி, எச்பியும் அந்தப் பக்கம் செய்யுது. பக்கத்துலயே பூட்டறாங்களே, விலை கொறையாதான்னு கேக்காத. சிப்பும் திரையும் கடல் தாண்டித்தான் வருது, மேல ஜிஎஸ்டி 18 சதவீதம். நோ காஸ்ட் ஈஎம்ஐங்கறதுல காஸ்ட் இல்லாம இல்ல: கிரெடிட் கார்டுல வட்டியைத் தள்ளுபடின்னு காட்டிட்டு, அந்த வட்டிக்கு ஜிஎஸ்டியைத் தனியா போடுவான், பிராசஸிங் ஃபீஸும் இருக்கும். மொத்தமாக் குடுத்தா எவ்ளோன்னு மொதல்ல கேட்டுட்டு அப்புறம் தவணையைப் பேசு. இலவசப் பையைப் பார்த்துச் சிரிக்காத. எம்எஸ் ஆபீஸ் காலத்துக்கும் வருதா, கொஞ்ச நாளு ருசி காட்டிட்டுப் புடுங்கிக்குவானா, அதைக் கேளு. பேரைப் பத்திக் கவலையே படாதவன்னா ரிச்சி தெருவுல ஆபீஸ்ல ஓடி வந்த திங்க்பேடு, லாட்டிடியூடு கிடைக்கும், உடம்பு கெட்டி. ஆனா நீ அதை மாமனார் வூட்டுக்கு எடுத்துக்கினு போவ மாட்ட.

கடைசியா பழசு. எக்ஸ்சேஞ்சுல போடாத, அடிமாட்டு விலைக்குக் கேப்பான். குப்பையிலயும் போட்டுடாத. பெருங்குடி குப்பைக் கிடங்கு நம்ம சதுப்பு மேலதான் ஏறி உக்காந்திருக்குது. 2022ல இந்தச் சதுப்பை ராம்சர் பட்டியல்ல சேர்த்தாங்க, சுமார் 1,248 ஹெக்டேர். பூநாரை வருது, தாழைக்கோழி மேயுது. அதுங்க எதுவும் ஹார்டு டிஸ்க்கு கேக்கல. மின்கழிவுக்குப் புது விதி 2023 ஏப்ரல்ல இருந்து நடக்குது. செத்த மெஷினை மறுசுழற்சிக்கு அனுப்பற பொறுப்பு செஞ்ச கம்பெனிக்கு இருக்குது.

ஆனா உன்னுது சாகலையே! ஒரு சின்ன எஸ்எஸ்டியைப் போட்டு, விண்டோஸைத் தூக்கிட்டு லினக்ஸ் மின்ட்டை ஏத்து. காசு கேக்காது, தமிழும் நல்லா வரும். யாருக்குக் குடுக்கறதுன்னு முழிக்காத. பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் இப்ப ஆன்லைன்லயே பார்க்கறாங்களாமே. இந்த வூட்டு மனையைப் பத்தி உன் அப்பனும் சித்தப்பனும் கொஞ்ச நாளா எங்கிட்ட ரொம்பப் பாசமாப் பேசறாங்க. பேசினதெல்லாம் கேட்டுட்டேன், பேசாம உட்டதைக் கொஞ்சம் நானே பார்த்துக்கறேன். வர்ற நாயித்துக்கெழமை கொண்டாந்துடு. கீபோர்டுல எல்லா எழுத்தும் விழுதுன்னு நீதான சொன்ன?